தலைக்கட்டு மீட்டர்

வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று எங்கள் குப்பத்து ஆம்பளைகள் மாசி மகத்துக்கு முன்னால் பேச ஆரம்பித்தார்கள். ஆடி பிறந்த பிறகும் பேசி முடித்தபாடில்லை. இவர்களில் ஒருத்தராவது பிறந்ததிலிருந்து ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் தூக்கியிருப்பாரா என்றால், இல்லை. தூக்குகிறவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அம்மன் கோயில் எதிரே இருக்கிற கொட்டகையில் அவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். நாங்கள் வெளியே, வலை காயப்போடுகிற மணலில் நின்று கேட்போம். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருத்தர் சொன்னார், குழாயில் வெறும் காற்று வந்தாலும் மீட்டர் ஓடுமாம். இன்னொருத்தர், ஏரியிலிருந்து வந்து கால் கழுவுகிற தண்ணீரையும் சேர்த்து எண்ணிவிடுவார்களே என்றார். மூன்றாவது ஆள் ஒரு பெரிய அறிவாளி. இன்றைக்கு வீட்டில் மீட்டர் வைப்பான், நாளைக்கு ஏரியில் மீட்டர் வைத்து இறாலை எண்ணுவான் என்று கிளப்பிவிட்டார். அந்தப் பேச்சிலேயே இரண்டு கூட்டம் போனது. ஊர்த் தலைவர் கங்காதரன் ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, இது யோசித்துச் செய்ய வேண்டிய காரியம் என்பார். எல்லாரும் யோசிக்கப் போய்விடுவார்கள். நாங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவோம்.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கிற மணல் திட்டில் இருக்கிறது. கையால் தோண்டினாலும் உப்பு, போர் போட்டாலும் உப்பு. மீஞ்சூர் பக்கம் கடல் தண்ணீரையே நல்ல தண்ணீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள் என்று யாராவது சொன்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு விடியற்காலையில் ஒரு குழாயில் வரும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். எங்கள் தெருக் குழாய் கோதண்டம் மாமா வீட்டு வாசலில் இருக்கிறது. அவர் ஊர்ப் பெரியவர்களில் ஒருத்தர், என் வீட்டுக்காரனுக்கு அண்ணன். குழாய் என்னவோ பொதுக் குழாய்தான். ஆனால் அவர் பெண்டாட்டி வசந்தா அக்கா அண்டா, தவலை, டிரம் எல்லாவற்றையும் நிரப்பி, வாசல் தெளித்து, மகனுடைய வண்டியையும் கழுவி முடித்த பிறகுதான் மற்றவர்கள் குடத்தை வைக்கலாம்.

"கொஞ்சம் ஓரமா நில்லு வேலு" என்பாள். நான் சுவரோரமாக நிற்பேன். மற்றப் பெண்களிடம் அவள் அப்படிச் சொல்வதில்லை, அவர்களுக்குப் பின்னால் புருஷன் இருக்கிறான். நான் இரண்டு குடம் பிடித்துக் கொண்டுபோய் வீட்டில் வைத்துவிட்டுப் படகுத்துறைக்கு ஓடுவதற்குள் மீன் ஏலம் முடிந்திருக்கும். நல்ல இறாலும் மடவை மீனும் போய்விடும், நசுங்கினதும் பொடிசும் எனக்கு மிஞ்சும். அதைக் கூடையில் போட்டுக்கொண்டு பொன்னேரி மார்க்கெட்டில் போய் உட்கார்ந்தால், வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கூடைக்குப் போவார்கள். என் வாசலில் ஒரு குழாய் இருந்தால் நான் நேரத்தோடு ஏலத்துக்குப் போவேன். யார் வீட்டுச் சுவரோரமும் நிற்க வேண்டாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எனக்கும் ஒரு புருஷன் இருக்கிறான். தசரதன் என்று பேர். மீஞ்சூரில் கம்பெனி வேலை என்று போனவன் அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டான். பெண் அம்பிகாவை வளர்த்துக் காட்டூரில் கட்டிக்கொடுத்தது நான். கல்யாணத்துக்கு அவன் விருந்தாளி மாதிரி வந்து, பாயசம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆனால் ஊர் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. எங்கள் ஊரில் கல்யாணமான ஒவ்வொரு ஆம்பளையும் ஒரு தலைக்கட்டு. ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் கழி நட்டு வலை கட்டலாம் என்று தலைக்கட்டுக்கு ஒரு சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். கோயில் வரியானாலும் அபராதமானாலும் தலைக்கட்டைத்தான் கூப்பிடுவார்கள். தசரதன் மீஞ்சூரில் சொகுசாக இருந்தாலும் அவன் தலைக்கட்டு இங்கே உயிரோடு இருக்கிறது. அவன் பாடு வருகிற நாளில் கோதண்டம் மாமா வலை கட்டி, விழுவதைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போவார். எனக்குப் பொங்கலுக்கு ஒரு கூடை இறால் வரும். அதுவும் பொடிசு.

ஆடியில் குடிநீர்த் திட்ட அலுவலகத்திலிருந்து சுபஸ்ரீ என்கிற இன்ஜினீயர் அம்மா வந்தார். இதற்கு முன்னாலும் பல தடவை வந்து பொறுமையாகச் சொல்லிப் பார்த்தவர்தான். இந்தத் தடவை உட்காரக்கூட இல்லை. மீட்டர் வைத்தால் வீட்டுக்குள் குழாய், இல்லாவிட்டால் இப்போது இருப்பதுபோலத் தெருக் குழாய், அடுத்த வாரம் ஆட்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள் என்று சொல்லிவிட்டார். யோசிக்க நேரமில்லை என்று தெரிந்ததும் ஒரே கூட்டத்தில் முடிவாகிவிட்டது. எங்கெங்கே மீட்டர் வேண்டுமோ அங்கங்கே அடையாளம் வையுங்கள், அங்கே ஆட்கள் பள்ளம் தோண்டுவார்கள் என்றார் அவர்.

அங்கேதான் இவர்கள் மூளை வேலை செய்தது. வேறு யாராக இருந்தாலும் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் எதைப் பிரித்தாலும் பாடு பிரிக்கிற மாதிரிதான் பிரிக்கத் தெரியும். ஒரு தலைக்கட்டுக்கு ஒரு கழி, ஒரு கழிக்கு ஒரு மீட்டர் என்று கங்காதரன் அண்ணன் சொல்ல, எல்லாரும் தலையாட்டினார்கள். பாடு நாளில் ஏரியில் நடுகிற அவரவர் பாட்டுக் கழியைக் கொண்டுவந்து வாசலில் நடுவது என்று ஏற்பாடு. ஒவ்வொரு சவுக்குக் கழியின் தலையிலும் இன்னாருடையது என்று தெரிகிற மாதிரி வெட்டு இருக்கும், அதனால் ஏமாற்ற முடியாதாம்.

மறுநாள் தெருவில் நடந்து பார்த்தேன். கோதண்டம் மாமா வாசலில் மூன்று கழி நின்றது. ஒன்று அவருடையது. ஒன்று இப்போதுதான் கல்யாணமான அவர் மகன் ஜெகதீஸ்வரனுடையது. மூன்றாவதின் தலையில் குறுக்கே இரண்டு வெட்டு, அது தசரதன் கழி. என் வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. கழி எதுவும் இல்லை.

ஒரே கூரைக்கு மூன்று மீட்டர் வைத்துக்கொண்டு இந்த மனுஷன் என்ன செய்யப் போகிறார்? ஒன்றில் குளித்து, ஒன்றில் வாய் கொப்பளித்து, மூன்றாவதைக் கும்பிடுவாரா? நேராகப் போய்க் கேட்டேன். அவர் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, எங்க ஊட்டு கழி இன்னாத்துக்கு இங்க நிக்குது?"

"தசரதன் என் தம்பி. அவன் கழி என் ஊட்லதான் நிக்கும். உனுக்குத் தண்ணி வேணும்னா ஒரு டியூபப் போட்டு இஸ்துக்கோ, யாரு வேணாம்னது."

தலையைத் தூக்கக்கூட இல்லை. எனக்குப் புரியாமலா இருக்கும்? தசரதன் கழி என் வாசலில் நின்றால், அப்போது தசரதன் பாடு யாருக்கு என்று நாளைக்கு எவனாவது கேட்டுவிடுவான். பெரிய மனுஷனுக்கு அந்தப் பயம். அதற்காக நான் காலம் முழுக்க அவர் வீட்டுக் குழாயில் டியூப் சொருகிவிட்டு, அவர் பெண்டாட்டி எப்போது திருகுவாள் என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கங்காதரன் அண்ணனிடம் போனேன். அவர் தலையைச் சொறிந்தார். தலைக்கட்டு இல்லாத வீட்டுக்கு எப்படிம்மா மீட்டர் கொடுப்பது, வழக்கம் இல்லையே என்றார். தலைக்கட்டு இல்லாத வீட்டில் தாகம் எடுக்காதா என்று கேட்டேன். அவர் மறுபடியும் தலையைச் சொறிந்தார். என் வீட்டில் அடுப்பு இருக்கிறது, கூரை இருக்கிறது, உள்ளே ஒரு மனுஷி இருக்கிறாள், இதை வீடு இல்லை என்று சொல்ல இவர்களுக்கு எப்படி மனசு வருகிறதோ தெரியவில்லை.

சரி, புருஷனிடமே கேட்போம் என்று தசரதனுக்குப் போன் போட்டேன். கழியை என் வாசலில் நடச் சொல்லி அண்ணனிடம் ஒரே ஒரு வார்த்தை சொல் என்றேன். "அதெல்லாம் அண்ணன்கிட்ட கேளு" என்று சொல்லி வைத்துவிட்டான். அண்ணனைக் கேட்டால் தம்பி, தம்பியைக் கேட்டால் அண்ணன். நடுவில் நான் குடத்தோடு.

மத்தியானம் சுபஸ்ரீ மேடம் கழிகளைப் பார்க்க வந்தார். மாமா வாசலில் மூன்றைப் பார்த்துச் சிரித்தார், என் வாசலுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஊரோடு சண்டை போட்டால் மொத்தமாக வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். எங்கே கழியோ அங்கே பள்ளம் என்று ஆட்களிடம் சொல்லியாயிற்று, நாளைக் காலையில் வருவார்கள் என்றார். வண்டியில் ஏறும்போது மட்டும், "உங்க வாசல்லயும் ஒரு கழி இருந்தா அவங்க பாட்டுக்குத் தோண்டிடுவாங்கம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உடனே ஒரு துடைப்பக் குச்சியை வாசலில் நட்டுவைத்தேன். மாமா அந்தப் பக்கமாகப் போனவர் அதைப் பார்த்துச் சிரித்து, வெட்டு இல்லாத குச்சிக்கு மீட்டர் கிடையாது என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

எங்கள் ஊரில் பெண்கள் பாட்டுக் கழியைத் தொடக் கூடாது. தொட்டால் அந்தக் கழி மறுபடி ஏரிக்குப் போகாது. தொட்ட கழியை ஆம்பளைகள் யாரும் கையில் எடுக்கவும் மாட்டார்கள், எடுத்தால் அந்த வருஷம் முழுக்க அவன் வலையில் பாசிதான் விழுமாம். அந்தக் கழியில் கட்டின வலையில் விழுகிற இறாலைப் பொறுக்குவது நாங்கள், உரிப்பது நாங்கள், வெயிலில் உட்கார்ந்து விற்பது நாங்கள். கழியை மட்டும் தொட்டால் தீட்டு. இதைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கும் ஒரு பயம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பயத்தோடேயே நடந்து போனேன். நல்ல வெயில், ஆம்பளைகள் எல்லாம் கொட்டகையில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மாமா வாசலில் இரட்டை வெட்டுக் கழியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். மணல்தானே, வந்துவிட்டது. தோளில் போட்டுக்கொண்டு கொட்டகை எதிரேயே தெரு நடுவில் நடந்தேன். கழி என்னைவிட நீளம், பின்பக்கம் மணலில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. சீட்டாடுகிறவர்கள் சீட்டைக் கையில் வைத்தபடி பார்த்தார்கள். என் வாசலுக்கு வந்து, துடைப்பக் குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கடப்பாரையால் குழி தோண்டிக் கழியை நட்டு, காலால் மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தினேன்.

அதற்குள் ஊரே கூடிவிட்டது. கோதண்டம் மாமாவுக்கு மூச்சு வாங்கியது. எடுடா அதை என்று ஜெகதீஸ்வரனைப் பார்த்துக் கத்தினார். ஜெகதீஸ்வரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். புதுசாகப் பாடு வாங்கியிருக்கிற பையன், முதல் வருஷமே பாசி அள்ளவா? மாமா ஒவ்வொருத்தனாகப் பார்த்தார். ஒவ்வொருத்தனும் அடுத்தவனைப் பார்த்தான். அவர் கையும் முன்னால் வரவில்லை. பெண் தொட்டதைப் பெண்ணே எடுக்கட்டும் என்று எவனோ ஒரு புத்திசாலி சொல்ல, மாமா வசந்தா அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா வந்தாள். கழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எனுக்கு இடுப்பு வலி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

பொழுது விடிந்தால் நான் போய் நிற்பது அவளுக்கு மட்டும் சந்தோஷமா? அவளுக்கும் சலித்துப்போயிருக்கும். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. கழி எங்கேயோ அங்கே தோண்டினார்கள், குழாயை இழுத்தார்கள். மீட்டர் பெட்டியை மாட்டப் போகும்போது மாமா வந்து, சாயங்காலம் ஊர்க் கூட்டம் இருக்கிறது, அதுவரை இந்த ஒன்றை நிறுத்துங்கள் என்றார். நிறுத்திவிட்டார்கள். குழாய் வாயை ஒரு பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் என்னைக் கொட்டகைக்குள் கூப்பிட்டார்கள். குற்றம் செய்தால்தான் பெண்ணுக்கு உள்ளே இடம். கங்காதரன் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கழியைத் தொட்டது தப்பு, அதற்கு அபராதம் உண்டு என்றார். எங்கள் ஊரில் அபராதம் என்றால் பணத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. அதைத் தட்டில் வைத்துக்கொண்டு அம்மன் வாசலில் ஊரார் எல்லார் முன்னாலும் விழ வேண்டும், அதுதான் மானக்கேடு. பெண் செய்த தப்புக்கு அவள் புருஷனுடைய தலைக்கட்டு விழ வேண்டும். புருஷன் இல்லாத பட்சத்தில், அந்தத் தலைக்கட்டு எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுப் பெரியவர் விழ வேண்டும்.

கோதண்டம் மாமா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அபராதம் என்றதும் அவருக்கு அவ்வளவு திருப்தி. அது யார் தலையில் வந்து விழுகிறது என்று இன்னும் அவருக்குப் புரியவில்லை. புரிகிற வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

"எங்க ஊட்டுக்காரரு தலைக்கட்டு தன் ஊட்லதான் கீதுனு மாமாதான் சொன்னாரு. கழியையும் அங்கதான் நட்டாரு. அப்ப மாமாதான விழணும்?"

கொட்டகையில் யாரோ பின்னால் உட்கார்ந்து சிரித்தார்கள். மாமா எழுந்தேவிட்டார். இவளுக்கும் என் வீட்டுக்கும் என்ன சம்பந்தம், இவள் தனி வீடு, தனி அடுப்பு, இவள் செய்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு என்று கத்தினார். நேற்று வரைக்கும் என் வீட்டை வீடு என்று ஒத்துக்கொள்ளாத வாய் அது. கங்காதரன் அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். நியாயமாக நடத்துகிறேன் என்று தசரதனுக்கே போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைச் சொல்லி, நீ வந்து விழுகிறாயா என்று கேட்டார்.

"நான் இன்னாத்துக்குத் தலைவரே விழணும்? அவ வேற, நான் வேற. அவளுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல."

பின்னால் அவன் வீட்டில் டிவி ஓடுகிற சத்தமும் கேட்டது. ஒரு பெண் சாப்பிடக் கூப்பிட்டாள். போன் நின்றுவிட்டது.

அவன் போய்விட்டான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஊருக்கும் தெரியும். இருந்தாலும், அம்மன் கோயில் எதிரே, இத்தனை பேர் நடுவில், டிவி சத்தத்தோடு அதைக் கேட்பது வேறு. வலித்தது. மணலில் நின்றிருந்த பெண்களில் யாரோ அடப்பாவி என்றது கேட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. இப்போது அழுதால் இவர்கள் பாவம் பார்த்து, போனால் போகிறது என்று அபராதத்தைத் தள்ளிவிடுவார்கள். அந்தப் பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நான் பயந்த மாதிரியே நடந்தது. கங்காதரன் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி விடுங்கப்பா, தெரியாமல் செய்துவிட்டாள், மன்னித்துவிடுவோம் என்றார். நாலு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். மன்னித்துவிட்டு, கழியையும் எப்படியாவது மாமா வீட்டுக்குத் திருப்பிவிடலாம் என்று ஒரு கணக்கு.

"மன்னிப்பெல்லாம் வேணாம் அண்ணே" என்றேன். "நான் தெரிஞ்சேதான் செஞ்சேன். மாமா நான் தனினுட்டாரு. அவரு தம்பியும் நான் தனினுட்டாரு. அப்ப நான் தனித் தலைக்கட்டு. அபராதத்த எம்மேல போடுங்க, நானே விழுறேன்."

அவ்வளவுதான். மறுபடியும் மாசி மகம் ஆரம்பித்துவிட்டது. பெண் எப்படித் தலைக்கட்டு ஆவாள் என்று ஒருத்தர். தலைக்கட்டு இல்லை என்றால் அபராதம் போட முடியாதே என்று ஒருத்தர். அபராதம் போடாவிட்டால் நாளைக்கு எல்லாப் பெண்களும் கழியைத் தூக்கிக்கொண்டு நடப்பார்களே என்று ஒருத்தர். அதைக் கேட்டு மணலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பில்தான் ஆம்பளைகளுக்கு உண்மையாகவே பயம் வந்தது. கோதண்டம் மாமா என்னை ஒத்துக்கொண்டால் பாடு போகும், ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் விழ வேண்டும். விழுவதை நினைத்திருப்பார் போல, எழுந்து நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சோறு ஆறுகிற நேரம் வந்ததும் முடிவும் வந்தது. அபராதம் கட்டுகிற தலைக்கட்டைத் தலைவர் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கங்காதரன் அண்ணன் எழுந்தார். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"தலைக்கட்டு வேலம்மா."

இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் தசரதன் பெண்டாட்டி, கோதண்டம் வீட்டுச் சின்னவள். என் பேரை இந்தக் கொட்டகையில் ஒருத்தரும் சொன்னதில்லை. முதல் தடவை சொன்னதே தண்டனைக்குத்தான். அதற்கும் ஒரு மனுஷி சந்தோஷப்பட வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக வந்தது. தட்டை வாங்கிக்கொண்டு போய் அம்மன் வாசலில் விழுந்தேன். எழுந்து நெற்றி மணலைத் தட்டிக்கொண்டே, அப்படியானால் எனக்கும் பாடு உண்டா என்று கேட்டேன். அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார் கங்காதரன் அண்ணன். அவர்களுடைய 'அப்புறம்' எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். பேசட்டும். ஆனால் நான் இனிமேல் மணலில் நின்று கேட்க மாட்டேன், உள்ளே போய் உட்கார்ந்து கேட்பேன்.

மறுநாள் மீட்டர் மாட்டினார்கள். அதற்கும் மறுநாள், விடிந்தும் விடியாமல், ஆடித் திருவிழா வரி என்று முதல் ஆளாக என் கதவைத் தட்டினார்கள். தலைக்கட்டு ஆயிற்றே. இந்தச் சுறுசுறுப்பை மாசியில் காட்டியிருக்கக் கூடாதா என்று திட்டிக்கொண்டே கொடுத்தேன். கழி இன்னும் என் வாசலில்தான் நிற்கிறது. எந்த ஆம்பளையும் கிட்டே வருவதில்லை. அதில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறேன்.

புதுக் குழாயில் தண்ணீர் விடப்போவதாகச் சொன்ன அன்றைக்கு இருட்டிலேயே எழுந்தேன். தண்ணீர் வருகிற நேரத்தை என் உடம்பு அறியும். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தேன், நடந்தேன், வழக்கமான இடத்தில் போய் நின்றேன். வசந்தா அக்கா தன் வீட்டு இரண்டு மீட்டரில் ஒன்றின் கீழே டிரம்மை வைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"ஏன்டி, உனுக்குத்தான் உன் ஊட்டு வாசல்லயே கொட்டுதே. இங்க வந்து இன்னாத்துக்கு ஓரமா நின்னுகினு கீற?"

அப்போதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன். அதே சுவரோரம், தோள் சுவரில் சாய்ந்திருந்தது. ஊரோடு சண்டை போட்டு, கழியைப் பிடுங்கி, மண்ணில் விழுந்து எழுந்து, கடைசியில் என் காலுக்கே விஷயம் தெரியவில்லை. எனக்கு என் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது. திரும்பி நடந்தேன். பாதித் தெருவில் ஓடவே ஆரம்பித்துவிட்டேன்.

குழாயை ராத்திரியே திறந்து வைத்திருந்தேன் போலிருக்கிறது. தண்ணீர் கொட்டி, கழியைச் சுற்றிக் குளமாகியிருந்தது, நாய் எழுந்து தள்ளி நின்றது. கண்ணாடிக்குள் மீட்டர் முள் விறுவிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. சனியனே, இப்படியா வீணாக்குவது என்று என்னை நானே திட்டிக்கொண்டு குடத்தை நேராகக் குழாய்க்கு நடுவில் வைத்தேன். குடம் நிரம்பியது. தண்ணீர் வழிந்து என் காலை நனைத்தது. மூடக் கை போனது, மூடவில்லை. ஓடட்டும், என் பேரில்தானே ஓடுகிறது என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.